சொட்டு மருந்துப் புட்டிக்கு யார் பணம் கொடுப்பது?

என் ஓய்வூதியத்தில் மருத்துவக் காப்பீட்டுக்கென்று மாதம் 497 ரூபாய் பிடித்துக்கொள்கிறார்கள். மருத்துவப் படி என்று மாதம் 300 ரூபாய் கொடுக்கிறார்கள். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்கள் எல்லோருக்கும் இந்த இரண்டு தொகைகளும் மனப்பாடம். எனக்கு இவற்றோடு இன்னொரு கணக்கும் உண்டு. குளுக்கோமா என்கிற கண் அழுத்த நோய்க்காகத் தினமும் இரவு இரண்டு கண்களிலும் ஒவ்வொரு சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன். ஆயுள் முழுக்க விட வேண்டிய மருந்து அது. அதற்கு என் காப்பீட்டிலிருந்து ஒரு பைசா வராது. மருந்தை நிறுத்திவிட்டு, அழுத்தம் ஏறி, கண் நரம்பு கெட்டு, அறுவைச் சிகிச்சை மேசையில் போய்ப் படுத்தால் பணம் வரும்.

கண்ணையும் காப்பீட்டையும் சேர்த்துப் பேசினால் எங்கள் காரிமங்கலம் பக்கத்துப் பெரியவர்கள் கண்புரையைத்தான் சொல்வார்கள். முகாம் நடக்கும், வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், கறுப்புக் கண்ணாடி மாட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அது சாதாரணக் காரியமில்லை. நான் சிறுமியாக இருந்தபோது, புரை முற்றிப் போன பாட்டிகள் திண்ணை மூலையில் உட்கார்ந்து, காலடிச் சத்தத்தை வைத்தே "யாரது, பெரியவனா?" என்று கேட்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். 1976இல் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். 1992இல் அரவிந்தின் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் மதுரையிலேயே கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்யத் தொடங்கிய பிறகு, வெளிநாட்டு விலை கொடுக்க வேண்டிய அவசியம் போயிற்று. இன்று அரசு மருத்துவமனையில் புரை அறுவைச் சிகிச்சை இலவசம். அந்தப் பாட்டிகளுக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைத்திருக்கிறது. இதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் வயதானவர்களின் கண்ணைக் கெடுப்பது புரை மட்டுமல்ல. புரையை எடுத்துவிட்டால் பார்வை திரும்பிவிடும். கண் அழுத்த நோயிலும், சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கி முற்றிய நிலையிலும் போன பார்வை பெரும்பாலும் போனதுதான். அவற்றைத் தடுக்க வேண்டிய பரிசோதனை, மருந்து, தொடர் கண்காணிப்பு எல்லாமே வெளிநோயாளிப் பிரிவில் நடக்கின்றன. நம் நாட்டில் மருத்துவக் காப்பீடு வளர்ந்த விதமோ படுக்கையைச் சுற்றி. 24 மணி நேரம் மருத்துவமனையில் தங்கினால்தான் செலவுக்குக் கணக்கு என்பது அதன் அடிப்படை விதி. பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்து, மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடும் புரை அறுவைச் சிகிச்சைகூட, தங்காமல் முடியும் பகல்நேரச் சிகிச்சை என்ற விதிவிலக்கின் வழியாகத்தான் உள்ளே வந்தது. மற்றதெல்லாம் வாசலிலேயே நிற்கிறது.

முதலில் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அதைக்கூடப் பெறத் தெரியாமல் நம்மவர்கள் பலர் கைக்காசைச் செலவழிக்கிறார்கள். என் அண்ணன் கதை அதற்கு உதவும்.

அண்ணனுக்குக் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா மரங்கள், காய் மாங்கூழ் ஆலைக்குப் போகும். எனக்குக் கண் அழுத்தம் இருப்பது, படிக்கும் கண்ணாடியை மாற்றப் போன இடத்தில்தான் தெரிந்தது. வலியில்லை, சிவப்பில்லை, கண்ணில் நீர்கூட வந்ததில்லை. வழக்கமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம் அதைத் தாண்டியிருந்தது. மேற்கொண்டு சோதித்தபோது ஓரப் பார்வை கொஞ்சம் குறைந்திருப்பதும் தெரிந்தது. அந்த மருத்துவர் எனக்கு மருந்து எழுதிவிட்டு, "உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்களா அம்மா? இது குடும்பத்தில் வரும். அவர்களையும் ஒருமுறை அழைத்து வாருங்கள்" என்றார். நாற்பது வயதைத் தாண்டிய அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு மிக அதிகம்.

அண்ணனை அழைத்துப் போவது எளிதாக இல்லை. "எனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது பாப்பா" என்றார். தோப்பில் அவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நன்றாக இல்லை என்று. தை, மாசியில் மாம்பூவில் தத்துப்பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம். அண்ணன் கிளையை வளைத்துப் பூங்கொத்தை மூக்கு நுனி வரை கொண்டுபோவார். பிறகு கண்ணை விட்டுவிட்டு, கீழே இருக்கும் இலையின் மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். பிசுபிசுப்பு ஒட்டினால் பூச்சி இருக்கிறது என்று மருந்தடிக்கச் சொல்வார். ஆட்களுக்கு அது அனுபவசாலியின் லாகவமாகத் தெரிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பரிசோதனையில் அவருக்கு அழுத்தம் சரியாக இருந்தது. இரண்டு கண்களிலும் புரை. ஓசூரில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் அப்பாவுக்கு ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி எடுத்து வைத்திருந்தான். 2020 ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கும் பொதுப் பாலிசி அது. அதில் கண்புரைக்கும் வயது சார்ந்த கண் உபாதைகளுக்கும் 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. அண்ணனுக்கு அது முடிந்திருந்தது. ஆகவே முன் அனுமதி கேட்டு மருத்துவமனையிலிருந்து தாள்கள் போயின. மறுநாள் அண்ணன் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மறுத்துவிட்டார்கள் அத்தை. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயாம்."

அவர்கள் அனுப்பிய கடிதத்தையும் மருத்துவமனைக் கேஸ் ஷீட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது காரணம் புரிந்தது. சேர்க்கும்போது செவிலியர் வழக்கம்போல, "எத்தனை நாளாகப் பார்வை மங்கல் ஐயா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன், "அது ஆயிற்றம்மா, நாலைந்து வருடம்" என்றிருக்கிறார். அவர் சொன்னது நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்தை. பேப்பர் படிக்கக் கண்ணாடி போட்ட நாளிலிருந்து அவருக்கு அது மங்கல்தான். தாளில் "பார்வை மங்கல், 5 ஆண்டுகள்" என்று ஏறிவிட்டது. பாலிசிக்கு வயது மூன்றுகூட ஆகவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் தாளைப் பார்ப்பவருக்கு அண்ணனையோ அவருடைய வெள்ளெழுத்தையோ தெரியாது, அந்த எண் மட்டும்தான் தெரியும்.

தோப்புக்குப் பழ வியாபாரி கொடுத்திருந்த முன்பணத்தை எடுத்து ஒரு கண்ணுக்கு அறுவைச் சிகிச்சையை முடித்தார்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அண்ணி பீரோவில் நிலப் பட்டாக்களுக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கடைச் சீட்டை வைத்திருந்தார். நாலாக மடித்த மஞ்சள் தாள். மேலே வலது, இடது என்று இரண்டு வரிசை, அவற்றில் பவர் எண்கள். கீழே பென்சிலில், கண்ணாடியோடு 6/6, 6/6. தேதி, பாலிசி எடுத்து எட்டு மாதம் கழித்து. கண்ணாடி போட்டால் அன்றைக்கு அவருக்கு முழுப் பார்வை இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். கண் மருத்துவரிடம் அதைக் காட்டினோம். பழைய மங்கல் வெள்ளெழுத்தால் வந்தது, புரை முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இந்தத் தேதியில் என்று அவர் கடிதம் கொடுத்தார். இரண்டையும் இணைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்பினோம். வரம்புக்கு உட்பட்டுப் பணம் வந்தது.

பொய் சொல்லச் சொல்லி நான் யாருக்கும் அறிவுரை தரவில்லை. பாலிசி எடுக்கும்போது புரை இருப்பது தெரிந்திருந்தால் அதை எழுதித்தான் ஆக வேண்டும். மறைத்தால் பிறகு மொத்த பாலிசியே கேள்விக்குறியாகும். ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது நம் உரிமை. வெள்ளெழுத்து எப்போது வந்தது, கண்ணாடி போட்டும் தெரியாமல் போனது எப்போது என்று பிரித்துச் சொல்லுங்கள். கூடப் போகும் பிள்ளைகள், சேர்க்கைத் தாளில் என்ன எழுதினார்கள் என்று படித்துப் பாருங்கள். கண்ணாடிக் கடைச் சீட்டைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

பணத்தின் கணக்கு இப்படி. ஆரோக்ய சஞ்சீவனியில் புரைக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. ஒரு லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவருக்கு ஒரு கண்ணுக்கு 25,000தான் எல்லை. இரண்டு லட்சத்துக்கு எடுத்தவருக்கு 40,000. அதற்கு மேல் ஐந்து லட்சத்துக்கு எடுத்தாலும் புரையைப் பொறுத்தவரை அதே 40,000தான். ஏற்கப்படும் தொகையில் 5 சதவீதம் நம் பங்கு. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய 30 நாட்களிலும் பிந்தைய 60 நாட்களிலும் அதற்காகச் செய்த பரிசோதனை, மருந்துச் செலவுகளையும் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. லென்ஸின் அளவைக் கணக்கிடும் ஏ-ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, பிறகு சில வாரங்கள் விடும் சொட்டு மருந்து என எல்லாவற்றுக்கும் மருத்துவர் சீட்டும் ரசீதும் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். கண்ணாடிக்குக் கிடைக்காது. 7.5 டயாப்டர் பவருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் சிகிச்சையும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விலக்குப் பட்டியலில் இருக்கிறது.

லென்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. தனியார் மருத்துவமனையில் ஆலோசனை அறை என்று ஒன்றில் உட்கார வைத்து, பிளாஸ்டிக் உறை போட்ட விலை அட்டையைக் காட்டுவார்கள். ஒரே தூரத்துக்கான மோனோஃபோகல் லென்ஸ், பல தூரங்களுக்கான மல்டிஃபோகல் லென்ஸ், சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு டோரிக் என்று விலை ஏறிக்கொண்டே போகும். காப்பீடு பொதுவாக மோனோஃபோகல் அளவுக்குத்தான் கொடுக்கும், மிச்சம் நம் கையிலிருந்து. மகன்களும் மகள்களும் அந்த அறையில் பாசத்தால் தடுமாறுகிறார்கள். அப்பாவுக்கு மலிவானதை வைக்கிறோமே என்று கலங்குகிறார்கள். மோனோஃபோகல் லென்ஸ் வைத்து, படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வது குறைந்த மருத்துவம் இல்லை. மல்டிஃபோகல் வைத்த சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். கடன் வாங்கி வைக்க வேண்டிய பொருள் அது இல்லை என்பது என் முடிவான கருத்து.

மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு அடங்கிவிடாதீர்கள். ஐஆர்டிஏஐ என்கிற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே 29 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஒரு கோரிக்கையை மறுக்க நிறுவனத்தின் மறுபரிசீலனைக் குழு ஒப்புதல் தர வேண்டும். பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறோம் என்றும் எழுத வேண்டும். கேஷ்லெஸ் என்கிற பணமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதிக்கு ஒரு மணி நேரத்திலும், வீட்டுக்கு அனுப்பும்போது இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் திருப்தியில்லை என்றால், சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆணையத்தின் உதவி எண் 155255.

புதிதாகப் பாலிசி எடுக்க நினைக்கும் பெரியவர்களுக்கும் சில மாற்றங்கள் நல்லதாக வந்திருக்கின்றன. 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதுப் பாலிசி தரவே வேண்டாம் என்று ஒதுங்க நிறுவனங்களுக்கு இடம் கொடுத்த வயது வரம்பு 2024 ஏப்ரலில் போயிற்று. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் நான்கு ஆண்டுகளிலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டுகளாகக் குறைந்தது. 2025 ஜனவரி முதல், மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை. மூன்று ஆண்டு காத்திருப்பு என்பது 72 வயதுக்காரருக்கு நீண்ட காலம்தான். ஆகவே அம்மா அப்பாவுக்கு எடுப்பதாக இருந்தால் அறுபதுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

ஓய்வூதியர் திட்டத்துக்கு வருகிறேன். 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரை என்று வகுத்த புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஓய்வூதியருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் சேர்த்து ஐந்து லட்சம், கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 30,000 ரூபாய் வரை. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையாக இருக்க வேண்டும். போகும் முன் பட்டியலில் அந்த மருத்துவமனை இருக்கிறதா என்பதோடு, கண் சிகிச்சைக்கு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஒரு மருத்துவமனை எலும்பு சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றிருக்கலாம், கண்ணுக்குப் பெற்றிருக்காது. பட்டியலில் இல்லாத இடத்தில் அவசரத்துக்குச் சேர்ந்து செலவழித்தவர்கள், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். புரையில் அவசரம் என்று வாதிடுவது கடினம். விழித்திரை பிரிந்துபோனால் அது உண்மையான அவசரம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மையத்தில் பதிய வேண்டும். ஐயம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை கிடைக்கும், ஆனால் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்குத்தான். உங்களுக்குச் சொன்ன கண் சிகிச்சையின் பெயரைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அது பட்டியலில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமானம் பாராமல் ஐந்து லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையைத் தொடங்கியது. அதைப் பற்றியும் அதே மையத்தில் விசாரியுங்கள். அதிலும் வெளிநோயாளிச் செலவு சேராது.

ஓசூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களில் எத்தனையோ பேர், வேலை போனதும் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடும் போயிற்று என்று அட்டையைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். குறைந்தது ஐந்து ஆண்டுகள் இஎஸ்ஐயில் இருந்து, ஓய்வு வயதில் வெளியே வந்தவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால், அவருக்கும் மனைவிக்கும் மருத்துவ உதவி தொடரும். மாதத்துக்குப் பத்து ரூபாய். இஎஸ்ஐயில் வெளிநோயாளி மருத்துவமும் மருந்தும் சேர்ந்தே இருக்கின்றன. நான் இதுவரை சொன்ன எந்தத் திட்டத்திலும் இல்லாத ஒன்று அது. சொட்டு மருந்தையும் காப்பீட்டுக்குள் வைக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் உதாரணம்.

எங்கள் தெருவில் ஓர் ஆயா இருக்கிறார். புளி சீசனில் கொட்டை எடுக்கப் போவார், மற்ற நாட்களில் நூறு நாள் வேலை. எனக்கு இருக்கும் அதே நோய்தான் அவருக்கும். அரசு மருத்துவமனையில் மருந்தை இலவசமாகத்தான் கொடுக்கிறார்கள். தருமபுரிக்கு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் கண்ணில் மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்கும் நாளில் தனியாகத் திரும்பி வர முடியாது. கூடவர ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளின் ஒரு நாள் கூலி போகும். அதனால் தவணை தவறும்போது கடையில் வாங்கிக்கொள்வார். ஒரு மாலை அவர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது அலமாரியில் அந்தச் சின்னப் புட்டி இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முக்கால்வாசி மருந்து இருந்தது. திறந்த தேதியைக் கேட்டேன். கோயில் திருவிழாவுக்கு முன் என்றார். திறந்த புட்டியை ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அவரோ ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் தொந்தரவாகத் தெரியும் கண்ணுக்கு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். "வலியே இல்லையே டீச்சர், எதற்கு வீணாக்குவது?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. வலிக்காத நோய்க்கு, விட்டாலும் பார்வை கூடாத மருந்துக்கு, மாதாமாதம் கைக்காசு கொடு என்றால் கூலிக்காரப் பெண் வேறு எப்படி முடிவெடுப்பார்? அந்த முடிவை அவர் தலையில் கட்டியது நம் ஏற்பாடு. அவருடைய நரம்பு பழுதாகி டிரபெகுலெக்டமி என்ற அறுவைச் சிகிச்சை வரை போனால் மருத்துவமனை, மயக்க மருந்து, அறை என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் போன ஓரப் பார்வை வராது. சில நூறு ரூபாய்ப் புட்டி மாதம் தவறாமல் வீடு தேடி வந்தால் அந்த இடத்துக்கே போக வேண்டாம். இதில் அரசுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும்கூட நட்டம் இல்லை என்பதை யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வீடு தேடி மருந்து வருவது நமக்குப் புதிதும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைத் தன்னார்வலர் பெண்கள் வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்தப் பையில் கண் அழுத்தச் சொட்டு மருந்துக்கு இடம் இருக்காதா? சர்க்கரை மாத்திரை தரும் அதே வீட்டில், "இந்த வருடம் விழித்திரையைப் பார்த்தாயிற்றா?" என்று ஒரு கேள்வியும் கேட்கலாம். சர்க்கரை உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் பத்து வருடமாக மாத்திரை சாப்பிட்டும் ஒருமுறைகூடக் கண்ணைக் காட்டாதவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

ஆணையம் நினைத்தால் விதி மாறும் என்பதற்கும் கண்ணிலேயே சான்று இருக்கிறது. விழித்திரை வீக்கத்துக்குக் கண்ணுக்குள் போடும் ஊசியை, தங்காத சிகிச்சை என்று சொல்லி நிறுவனங்கள் மறுப்பது முன்பு வழக்கமாக இருந்தது. 2019இல் ஆணையம் நவீனச் சிகிச்சைகள் என்று பன்னிரண்டைப் பட்டியலிட்டு, அவற்றை ஒதுக்கக் கூடாது என்றது. அதில் இந்த ஊசியும் ஒன்று. ஆரோக்ய சஞ்சீவனியில் காப்பீட்டுத் தொகையில் பாதி வரை இதற்குக் கிடைக்கும். சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள் இதைக் கேட்டுப் பெறுங்கள். ஊசிக்கு வந்த விதி சொட்டு மருந்துக்கும் வரட்டும் என்பதுதான் நான் கேட்பது.

அதுவரை கைச்செலவைக் குறைக்க ஒரு வழி, மருத்துவரிடம் மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரச் சொல்வது. லேட்டனோபிராஸ்ட், டிமோலால் போன்ற பெயர்களைக் காட்டி, மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுவதும் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிறகு தனியார் கடைக்குப் போங்கள். பழைய முறையில் வருமான வரி கட்டுபவராக இருந்தால், எந்த மருத்துவக் காப்பீடும் இல்லாத, 60 வயதுக்கு மேற்பட்டவரின் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 வரை வரிக்கான வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஆயாவுக்கு இது எதற்கும் உதவாது. வரி கட்டும் ஓய்வூதியர்களின் வீட்டில் காப்பீடு இல்லாத பெற்றோர் இருந்தால் உதவும்.

ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஓய்வூதியர் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு தயாரித்திருக்கிறேன். ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டத்தின் அடுத்த ஒப்பந்தத்தில் கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தையும், ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கண் பரிசோதனையையும் வெளிநோயாளிச் செலவாகச் சேர்க்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. மக்களைத் தேடி மருத்துவத்தில் இந்தச் சொட்டு மருந்தைச் சேர்க்க வேண்டும் என்பது இரண்டாவது. ஆயாவும் கைரேகை வைக்கிறேன் என்றிருக்கிறார். ஓய்வூதியர் அல்லாதவர்களின் கையெழுத்தைத் தனித்தாளில் இணைக்கலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள்.

காரிமங்கலம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருப்பவர்கள், தினம் சொட்டு மருந்து விடுபவர் உங்கள் வீட்டில் இருந்தால், கடந்த ஆறு மாத மருந்து ரசீதுகளின் நகலையும் மருத்துவர் சீட்டின் நகலையும் சேர்த்து வையுங்கள். ரசீது வாங்காமல் மருந்து வாங்குபவர்கள் இன்றிலிருந்தாவது கேட்டு வாங்குங்கள். மாதம் எவ்வளவு ஆகிறது என்று அதிகாரிகள் கேட்டால் காட்டுவதற்கு நம் கையில் தாள் இருக்க வேண்டும்.